காற்றைத் தலைகீழாகப் போட்டவன்

விமானப் பயிற்சி முகாம்
மார்ச் 3

மதிப்பிற்குரிய அம்மணிக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டால் பாதிக் கடிதம் முடிந்தது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று நாளாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். நிச்சயமான பெண்ணுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நாம் இதுவரை பேசியதையெல்லாம் கூட்டினாலும் இருபது நிமிடம் தேறாது. அதிலும் பத்து நிமிடம் ரயில் நிலையத்தில். எஞ்சின் இரைச்சலில் நீங்கள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. விழுந்தது போலத் தலையாட்டி வைத்தேன். என்ன சொன்னீர்கள்?

இங்கே ஒரு கொட்டகையில் எட்டுப் பேர். வந்த அன்றே எல்லோருக்கும் ஒரே அளவு சட்டை கொடுத்தார்கள். எனக்கு அது அங்கி மாதிரி இருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரருக்கு ரவிக்கை மாதிரி. விமானம் இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. இறக்கைகள் மரச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்த துணி. முன்னால் ஆசிரியர், பின்னால் நான். நடுவில் பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய். அவர் அதில் சொல்கிற ஒரே வார்த்தை "மெதுவா". ஏறும்போதும் மெதுவா, இறங்கும்போதும் மெதுவா, திட்டும்போதும் மெதுவா. அதனால் அவருக்கு 'மெதுவா' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

முதல் நாள் வயிறு தரையிலேயே நின்றுவிட்டது, மற்றதெல்லாம் மேலே போனது. இப்போது பரவாயில்லை. பத்து மணி நேரப் பயிற்சிக்குள் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறக்க வேண்டும். பன்னிரண்டைத் தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் இதற்கெல்லாம் பயப்படுவானா? மாப்பிள்ளை சீக்கிரமே தனியாகப் பறப்பார் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விமானி (ஆகப்போகிறவன்)


வீடு
மார்ச் 12

மதிப்பிற்குரிய விமானி அவர்களுக்கு,

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்று சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் கண் கலங்கித் தலையாட்டினீர்கள். பக்கத்தில் நின்ற என் அம்மா, "பாசமான பிள்ளை" என்றாள்.

கடிதம் வந்த அன்று அப்பா அதை வாசிக்கவில்லை. உறையை மட்டும் தன் பல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், வருகிறவர்களிடமெல்லாம் முத்திரையைக் காட்டியிருக்கிறார். சீருடையில் நீங்கள் எடுத்துக்கொண்ட படம் காத்திருப்பு அறையில், நாற்காலிகளுக்கு நேர் எதிரே தொங்குகிறது. பல்வலியோடு வருகிறவர்கள் வேறு எங்கேயும் பார்க்க முடியாது. நேற்று ஒரு பாட்டி, "டாக்டர், இந்தப் பையனுக்குப் பல்வரிசை நல்லா இருக்கே, நீங்க கட்டினதா?" என்று கேட்டாராம்.

என் வேலையைப் பற்றி அதிகம் எழுதக் கூடாது. போர்க்காலத்தில் மேகமும் ராணுவ ரகசியம். இவ்வளவு சொல்லலாம்: பல ஊர்களிலிருந்து எங்கள் வானிலை அலுவலகத்துக்குத் தந்தியில் எண்கள் வரும். நானும் இன்னும் நான்கு பெண்களும் அவற்றைப் பெரிய வரைபடத்தில் குறிகளாகப் போடுவோம். எங்கள் மேலதிகாரி அதன் முன்னால் நின்று, வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். "இந்த மேகம் சும்மா எட்டிப் பார்க்க வந்தது, தங்காது. அந்தக் கருப்பு இருக்கே, அது படுக்கையோட வருது."

பத்து மணி நேரத்துக்குள் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்படிக்கு,
வானிலைக்காரி


பயிற்சி முகாம்
மார்ச் 30

அன்புள்ள வானிலைக்காரிக்கு,

நடந்துவிட்டது! கடந்த இருபத்து நான்காம் தேதி காலை தனியாகப் பறந்தேன். 'மெதுவா' இறங்கிக்கொண்டு, தோளில் தட்டி, "போயிட்டு வா" என்றார். ஏறினேன். என்ன சொல்வது! வானம் பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. இறக்கையில் வெயில் தங்கமாக வழிந்தது. கீழே ஆறு வெள்ளிச் சரிகை. அந்தத் தனிமையில் உங்களை நினைத்துக்கொண்டேன். பூவை வைப்பது போலத் தரையில் வந்து இறங்கினேன். கொட்டகை முழுக்கக் கைதட்டியது.

அப்பாவிடம் இதை வரிக்கு வரி வாசித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
வானத்தின் சொந்தக்காரன்


வீடு
ஏப்ரல் 9

வானத்தின் சொந்தக்காரர் அவர்களுக்கு,

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காரணம் கீழே.

இரண்டு வாரம் பழைய வானிலை ரகசியமில்லை, வெறும் செய்தி. அதனால் எழுதுகிறேன். மார்ச் இருபத்து நான்காம் தேதி காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் மூன்று வரை உங்கள் பகுதியில் அடர்ந்த மூடுபனி. ஐம்பது கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது என்று தந்தி. வரைபடத்தில் அந்தக் குறியைப் போட்டவளே நான்தான். காக்கைகூடப் பறந்திருக்காது. உங்கள் தங்கமும் வெள்ளிச் சரிகையும் எந்தக் கடையில் வாங்கியவை?

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான எண் எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மசி உங்கள் முகாமில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
மூடுபனியின் சொந்தக்காரி


பயிற்சி முகாம்
ஏப்ரல் 17

அன்புள்ள வானிலைக்காரிக்கு,

சிவப்பு மசி கிடைத்தது.

'வானம் பளிங்கு மாதிரி இருந்தது' என்பதை அடித்துவிட்டு, 'கொட்டகையிலிருந்து கழிப்பறைக்குக் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய் வந்தோம்' என்று வாசிக்கவும். 'தனியாகப் பறந்தேன்' என்பதை அடித்துவிட்டு, 'வேறு வேலை இல்லாததால் நாள் முழுக்கப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை யோசித்தேன்' என்று வாசிக்கவும். பொய்க்குத் தேதி வைக்கும்போது, உங்கள் வேலை என்னவென்று கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

நடந்தது இதுதான். எனக்கு ஏறத் தெரிகிறது, திரும்பத் தெரிகிறது, இறங்க வரவில்லை. தரை வந்துவிட்டது என்று நினைத்து நான் மூக்கைத் தூக்கும்போது தரை இன்னும் பத்து அடி கீழே இருக்கும். விமானம் ஒரு நொடி யோசித்துவிட்டு, மாடியிலிருந்து தள்ளிய அலமாரி போலத் தொப்பென்று விழும். ஏழு மணி நேரம் 'மெதுவா' பொறுத்துக்கொண்டார். எட்டாவது மணியில் குழாய் வழியாக முதல் முறையாக வேறு வார்த்தை சொன்னார். அதை எழுத முடியாது. கொட்டகையில் என் பெயர் இப்போது 'அலமாரி'.

பன்னிரண்டு மணி நேரம் முடிந்தது. மார்ச் இருபத்தொன்றாம் தேதி தலைமை ஆசிரியரே சோதனைக்கு வந்தார். மூன்று தடவை இறக்கினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் மெல்ல இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோபமே இல்லாமல், "தம்பி, நீ தரையை நம்பவே மாட்டேங்கற" என்றார். கத்தியிருந்தால் தேவலை.

மறுநாள் மூன்று அதிகாரிகள் முன்னால் நிறுத்தினார்கள். "உனக்கு வேற என்ன வரும்?" என்று ஒருவர் கேட்டார். "கணக்கு வரும் சார்" என்றேன். என்னை வழிகாட்டிப் பயிற்சிக்கு மாற்றிவிட்டார்கள். விமானத்தில் பின்னால் ஒரு சின்ன மேசை இருக்கும். அங்கே வரைபடமும் பென்சிலுமாக உட்கார்ந்து, எந்தப் பக்கம் போவது என்று விமானிக்குச் சொல்ல வேண்டும். ஓட்டுவது வேறு ஆள்.

உங்கள் அப்பா பெண் கொடுக்கச் சம்மதித்தது விமானிக்கு. பின்னிருக்கையில் பென்சில் சீவுகிறவனுக்கு இல்லை. நிச்சயத்தை முறித்துக்கொள்வதென்றால் நான் தவறாக நினைக்க மாட்டேன். படத்தை மட்டும் மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள். அசல் படம் அது ஒன்றுதான், என் அம்மாவிடம் இருப்பது அதன் நகல்.

இப்படிக்கு,
அலமாரி


வீடு
ஏப்ரல் 26

அலமாரி அவர்களுக்கு,

எனக்குக் கோபம். ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

இறங்கத் தெரியாததற்குக் கோபமில்லை. பொய் சொன்னதற்குக் கொஞ்சம். 'உங்கள் அப்பா சம்மதித்தது விமானிக்கு' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் நிறைய. கல்யாணம் அப்பாவுக்கா? நான் எதற்குச் சம்மதித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் அப்பா, "மேலே புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அதற்கு முன் என்னைப் பார்க்க வந்த இரண்டு பேரும் தரையில் நடக்கிறவர்கள்தான். ஆனாலும் அப்பா எதைக் கேட்டாலும் "சமாளிச்சுடுவேன்" என்றார்கள். நீங்கள், "பயப்படுவேன் சார்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளறையில் நான் சிரிக்கவில்லை. இந்த மனிதர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரே என்று பட்டது. அப்படிப்பட்டவர் வெள்ளிச் சரிகை என்று எழுதியதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

படத்தை நான் கழற்றவில்லை. அப்பாவிடமும் இன்னும் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

வழிகாட்டிக்கு முக்கியமான விஷயம் காற்று. விமானம் ஒரு பக்கம் போகும், காற்று அதை இன்னொரு பக்கம் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்தவன்தான் ஊர் போய்ச் சேருவான். காற்று என் சமாச்சாரம். இத்துடன் ஐந்து கணக்குகள் அனுப்பியிருக்கிறேன். இவை எந்த ஊர்க் காற்றும் இல்லை, நானே கற்பனை செய்தது. விடை எழுதி அனுப்புங்கள். கணக்கு வாத்தியாருக்கு மதிப்பெண் போட எனக்கும் ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
வானிலைக்காரி


வழிகாட்டிப் பயிற்சிப் பள்ளி
ஜூன் 14

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

ஐந்துக்கு இரண்டரை போட்டிருந்தீர்கள். அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று கேட்டதற்கு 'கையெழுத்துக்கு' என்று பதில் வந்தது. சரி. அடுத்த ஐந்தில் நான்கு வாங்கினேன். அந்த மிதப்பில்தான் இந்த விபரீதம் நடந்தது. நீங்கள் வேறு வழியில் கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஜோடியாகக் கொடுத்திருக்கிற விமானியின் பெயர் 'தூங்குமூஞ்சி'. நல்ல ஓட்டுநர். பூவை வைப்பது போல இறக்குவது இவர்தான். ஆனால் எப்போதும் அப்போதுதான் விழித்தவர் மாதிரி இருப்பார். போன செவ்வாய் எங்களுக்கு முதல் நீண்ட பயணம். ஓர் ஊருக்குப் போய், அங்கே ரயில் பாதைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் சிவப்பு ஓட்டுக் கட்டடமும் இருக்கும், அதைப் படம் பிடித்துத் திரும்ப வேண்டும். போகும் வழியில் இரண்டு திருப்பம். பாதி தூரம் மேகத்துக்கு மேலே.

நான் காற்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மேற்கிலிருந்து வருகிற காற்றை மேற்கே போகிற காற்றாக எடுத்துக்கொண்டேன். கணக்கு எங்கேயோ இடித்தது. அதைச் சரிக்கட்ட, இரண்டு திருப்பம் போதாதென்று மூன்றாவதும் ஒன்று சொன்னேன். தூங்குமூஞ்சி, "நிச்சயமாவா?" என்றார். "கணக்கு வாத்தியார்கிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்றேன். மேகத்துக்குக் கீழே வந்தோம். கண்ணெதிரே ரயில் பாதை, தண்ணீர்த் தொட்டி, சிவப்பு ஓடு! துள்ளிக் குதித்தேன். மூன்று படம் பிடித்தேன். மூன்றாவது நல்ல தாழ்வில்.

படத்தைக் கழுவிப் பார்த்தார்கள். சிவப்பு ஓட்டுக் கட்டடத்தின் வராந்தாவில் இடுப்பில் துண்டோடு ஒரு மனிதர், முகத்தில் பாதி சோப்பு நுரை, கையில் சவரக் கத்தி, அண்ணாந்து எங்களையே பார்க்கிறார். எங்கள் முகாம் தளபதி. நாங்கள் கிளம்பிய இடத்துக்கே வந்து, அதைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறோம்.

கூப்பிட்டனுப்பினார். பாதி மீசை இல்லை. "தம்பி, எதிரி நாட்டுல நீ படம் பிடிச்ச முதல் அதிகாரி நான்தான். ரொம்பத் தெளிவா விழுந்திருக்கேன்" என்றார். இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டுக் கூடம் பெருக்கும் வேலை. படத்தை அங்கேயே மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழேதான் பெருக்குகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பழைய கொட்டகையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தாரே, சட்டை ரவிக்கை மாதிரி ஆனவர், எங்களில் முதலில் தனியாகப் பறந்தவர் அவர்தான். போன மாதம் பயிற்சியில் விமானம் விழுந்து போய்விட்டார். எனக்கு நேற்றுத்தான் தெரியும். அவருடைய சட்டையைப் பார்த்து எவ்வளவு சிரித்தோம் என்பதே திரும்பத் திரும்ப வருகிறது.

உங்கள் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உள்ளதை உள்ளபடி. இந்த உறையோடு அதுவும் வந்து சேரும்.

இப்படிக்கு,
அலமாரி


வீடு
ஜூன் 25

அன்புள்ள அலமாரிக்கு,

முதலில் உங்கள் நண்பருக்காக. நேற்று அம்மா விளக்கேற்றும்போது அவருக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் சொல்லித்தான்.

காற்றை எப்போதும் எங்கிருந்து வருகிறது என்றுதான் சொல்ல வேண்டும். புது மருமகளை 'எந்த ஊர்ப் பொண்ணு?' என்று கேட்கிறார்களே, அது மாதிரி. இனி மறக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்பா உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்து வாசித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, கை கழுவி, சாப்பிட உட்கார்ந்து, அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. மற்றவர்களின் வாயைத் திறந்தே பிழைக்கிறவர் அவர். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் கேட்டார்.

"வழிகாட்டின்னா என்னம்மா?"

"விமானத்தை ஓட்டறது வேற ஆள் அப்பா. எங்க திரும்பணும், எங்க போகணும்னு இவர் சொல்வார்."

"ஓட்டறவன் கேட்பானா?"

"கேட்டாத்தான் ஊர் போய்ச் சேர முடியும்."

அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டார். "அப்படின்னா கார்ல உங்கம்மா பார்க்கிற வேலை" என்றார்.

அம்மா, "அது ரொம்பப் பெரிய வேலை" என்றாள். அதோடு விஷயம் முடிந்தது. படம் அங்கேயே இருக்கிறது. இப்போது வருகிறவர்களிடம், "ஓட்டறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க, வழி சொல்றதுக்கு மூளை வேணும்" என்கிறாராம்.

சோப்பு நுரைத் தளபதியின் கதையை என் மேலதிகாரியிடம் சொன்னேன். நாற்பது வருட உத்தியோகத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வரைபடத்தில் கண்ணீர் சொட்டி ஒரு ஊர் அழிந்துவிட்டது.

இப்படிக்கு,
வானிலைக்காரி


அலுவலகம்
ஆகஸ்ட் 19

அன்புள்ள உங்களுக்கு,

இது இந்த வாரத்தின் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசிப் பயிற்சி, கடலுக்கு மேலே என்று எழுதியிருந்தீர்கள். தேதி எழுதவில்லை. ஆனால் பதினான்காம் தேதி அந்தக் கடலின் மேல் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். நானே என் கையால் வரைந்தேன். காலையில் இல்லாத காற்றழுத்தக் கோடுகள் மதியத்துக்குள் நெருக்கமாக வந்து சேர்ந்தன. கோடு நெருங்கினால் புயல். மேலதிகாரி வழக்கமாகச் சொல்லும் சொந்தக்காரர் கதை எதையும் சொல்லவில்லை. என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, "நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வாம்மா" என்றார். போகாமல் நின்றேன். மீதிக் கோட்டை அவர் போட்டார்.

அன்று கிளம்பிய மூன்றில் ஒன்று திரும்பவில்லை என்று செய்தி. எந்த ஒன்று என்று எனக்குச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நான் இன்னும் மனைவி இல்லையே.

அப்பா நேற்று ஒருவருடைய இடது பக்கப் பல்லைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். அவர், "டாக்டர், வலி வலது பக்கம்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்ததாம்.

பயப்படுவேன் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பயப்படுவேனா என்று யாரும் கேட்கவில்லை. பயப்படுகிறேன்.

நீ எங்கே இருக்கிறாய்?


ராணுவ மருத்துவமனை
ஆகஸ்ட் 22

அன்புள்ள வானிலைக்காரிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதற வேண்டாம். என் வலது தோள் எலும்பு உடைந்திருப்பதால் நான் சொல்லச் சொல்ல தூங்குமூஞ்சி எழுதுகிறார். (வணக்கம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.)

பதினான்காம் தேதி கடலுக்கு மேலே இரண்டு மணி நேரம் போய்த் திரும்பும்போது ரேடியோ செத்துவிட்டது. மேகம் இறங்கிக்கொண்டே வந்தது. வந்த வழியைப் பார்த்து நேராகத் திரும்புவோம் என்றார் தூங்குமூஞ்சி. எனக்குச் சரியாகப் படவில்லை. விமானம் ஆடுகிற ஆட்டமே மாறியிருந்தது. "கீழே இறங்கு, அலையைப் பார்க்கணும்" என்றேன். (அந்த மழையில் கீழே இறங்கச் சொன்னான். எனக்கு முழுசாக விழிப்பு வந்தது அப்போதுதான்.)

இறங்கிப் பார்த்தோம். பலமான காற்றில் கடலின் மேல் நுரை நீள நீளமாகக் கோடு போடும். அந்தக் கோடு காற்றின் திசை. காலையில் மேற்கிலிருந்து வந்த காற்று இப்போது வடக்கிலிருந்து வந்தது, அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில். நேராகப் போயிருந்தால் கரையே வராது. கரையின் தென்முனையைத் தாண்டி நடுக்கடலுக்குத் தள்ளியிருக்கும். எங்கிருந்து வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டேன். இரண்டு தடவை போட்டேன். "வலது பக்கம் முப்பது டிகிரி திருப்பு" என்றேன்.

"தளபதி வீட்டு வராந்தாவுக்கா?" என்றார். (கேட்டேன். கேட்காமல் இருப்பேனா?)

"பயமா இருக்கு. ஆனா கணக்கு சரி" என்றேன்.

எரிபொருள் நாற்பது நிமிடத்துக்கு இருந்தது. அவர் திருப்பினார். முப்பத்தொரு நிமிடம். அதற்குள் நாங்கள் பேசிக்கொண்டது ஒன்றும் இல்லை. (சும்மா சொல்கிறான். இவன் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு வந்தான். பதினேழாம் வாய்ப்பாடு.) பிறகு மழைத்திரைக்குள் வெள்ளையாக ஒரு கோடு. உப்பளம். கரை!

ஈரமணலில் இறக்கினார். அருமையாக இறக்கினார். ஆனால் சக்கரம் புதைந்து, விமானம் மூக்கைக் குத்தி அப்படியே மல்லாந்துவிட்டது. இரண்டு பேரும் தலைகீழாக வார்ப்பட்டையில் தொங்கினோம். ஒரு கீறல் இல்லை. சந்தோஷத்தில் நான் உடனே வாரை அவிழ்த்துவிட்டேன். தலைகீழாகத் தொங்குகிறவன் வாரை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. தோள் அப்படித்தான் உடைந்தது. மருத்துவக் குறிப்பில் 'விமான விபத்து' என்று எழுதியிருக்கிறார்கள், நல்ல மனசு அவர்களுக்கு.

உப்பளத்துக்காரர்கள் மண்வெட்டியோடு சுற்றி நின்று, "நீங்க நம்ம ஆளா, அவங்க ஆளா?" என்று கேட்டார்கள். தூங்குமூஞ்சி திட்டிய திட்டைக் கேட்டதும் நம்ம ஆள்தான் என்று முடிவு செய்து, மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். அங்கே தொலைபேசி இல்லை, பாலம் வெள்ளத்தில் போயிருந்தது. முகாமுக்குச் செய்தி சேர ஐந்து நாள் ஆகிவிட்டது.

உன் மூன்று கடிதங்களும் நேற்று ஒன்றாக வந்தன. மூன்றாவதின் கடைசி வரியைப் பல தடவை வாசித்தேன். இனி அப்படியே கூப்பிடு. நானும் அப்படியே கூப்பிடுகிறேன். இதை எழுதச் சொல்லும்போது தூங்குமூஞ்சி மூக்கை உறிஞ்சுகிறார். (சளி.)

இப்படிக்கு,
அலமாரி


வீடு
செப்டம்பர் 1

அன்புள்ள உனக்கு,

கடிதம் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு காரில் வந்துவிட்டாள். அப்பா ஓட்டினார், வாயில் துணி கட்டியபடி. ஆஸ்பத்திரி நாற்காலியில் ஒருவரை வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் வாசித்து முடித்து, உன் நண்பரின் அடைப்புக்குறிகளையும் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகுதான் அவருக்கு அந்த மனிதரின் ஞாபகமே வந்தது.

நீ வாரை அவிழ்த்த விஷயத்தை மட்டும் அப்பாவிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, இனி மறைப்பது வேண்டாம் என்று வாசித்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மேலதிகாரியே எட்டிப் பார்த்தார்.

இப்போது என் செய்தி. விமானத் தளங்களுக்கே நேரில் போய் வானிலை சொல்ல ஆள் கேட்டிருக்கிறார்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வரைபடத்தில் குறி போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிற வேலை இனி எனக்கு வேண்டாம். கிளம்புகிறவர்களின் முகத்தைப் பார்த்து, 'போங்கள்' அல்லது 'போகாதீர்கள்' என்று நானே சொல்ல வேண்டும். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அம்மா பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

நீ ஓய்வு விடுப்பில் வரும்போது நான் இருக்க மாட்டேன். உன்னைப் போடும் தளமும் என்னைப் போட்டிருக்கும் தளமும் வரைபடத்தில் ஒரு சாண். உனக்கு வருத்தமா?

இப்படிக்கு,
உன் வானிலைக்காரி


உன் வீடு
செப்டம்பர் 28

அன்புள்ள உனக்கு,

வருத்தம்தான். பெருமையும்தான். இரண்டையும் ஒன்றாக எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் இரண்டையும் எழுதிவிட்டேன். இடது கை எழுத்து, மன்னித்துக்கொள்.

உன் அப்பா அழைத்ததால் ஒரு வாரமாக இங்கே இருக்கிறேன். பகலில் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் என் படத்துக்குக் கீழேயே என்னை உட்கார வைத்துவிடுகிறார். வருகிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள், "அண்ணனா?" என்று கேட்கிறார்கள்.

நேற்று காரில் போனோம். உன் அப்பா ஓட்ட, உன் அம்மா பக்கத்தில். "இடது பக்கம்... இப்ப இல்ல... இப்ப... போச்சு, விட்டுட்டீங்க. பரவால்ல, அடுத்ததுல திருப்புங்க." குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. இதைத்தான் நான்கு மாதம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேன்.

தேர்ச்சிக் கடிதம் வந்துவிட்டது. இப்போது முழு வழிகாட்டி. நவம்பர் கடைசியில் படைப்பிரிவில் சேர வேண்டும், தூங்குமூஞ்சியோடுதான். அவரே என்னைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அங்கே பயிற்சி கிடையாது, நிஜம். அதற்கு முன் கல்யாணம் என்று உன் அப்பா நவம்பர் பதினேழைக் குறித்துவிட்டார். ஐந்நூறு பேரைக் கூப்பிடப் போகிறாராம், அதாவது பல் பிடுங்கிக்கொண்டவர்கள் எல்லோரையும். மண்டபம் போதாதென்று திறந்த மைதானத்துக்குச் சொல்லிவிட்டார். மேலே கூரை எதுவும் வேண்டாம், வெளிச்சமாக இருக்கட்டும் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்? உனக்கு விடுப்புக் கிடைக்குமா?

இப்படிக்கு,
உன் அலமாரி


விமானத் தளம்
அக்டோபர் 9

அன்புள்ள உனக்கு,

விடுப்புக் கிடைத்துவிட்டது. நான்கு நாள்.

இங்கே முதல் நாள் நாற்பது விமானிகள் முன்னால் நின்று பேசினேன். பத்து மணிக்குமேல் கிளம்ப வேண்டாம் என்றேன். பத்து மணிக்கு வெயில் பளீரென்று அடித்தது. எல்லோரும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் அறைப் பக்கமே பார்த்தார்கள். பதினொன்றே காலுக்கு வந்தது பார் ஒரு காற்று, அந்த நாற்காலிகளில் இரண்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது நான் நடந்து போனால் எழுந்து நிற்கிறார்கள்.

மைதானம் விஷயமாக என் பழைய மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டேன். பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துப் பதில் போட்டிருக்கிறார். நம் ஊரில் கடந்த நாற்பது வருடத்தில் நவம்பர் பதினேழாம் தேதி முப்பத்தொரு தடவை மழை. அப்பாவுக்கு அதை அப்படியே எழுதினேன். மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. 'மீதி ஒன்பதில் இது ஒன்றாக இருக்கும்' என்று ஒரே வரி.

அந்த முப்பத்தொன்றை நம்பித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நான்கு பக்கத்துக்கு வாதாடியிருப்பேன். ஆனால் ஆகஸ்ட் மாதம் நாள் கணக்கில், அந்த முப்பத்தொன்றை மட்டுமே தெரிந்தவளாக வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ ஒன்பதில் இருந்தாய்.

அப்பாவிடம் மைதானமே இருக்கட்டும் என்று சொல்லிவிடு. நனைந்தால் நனைவோம்.

இப்படிக்கு,
உன் வானிலைக்காரி